மெயினை இறக்காத நாள்

அந்த வட்டாரத்தில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் கையை விரிப்பார்கள். ‘மெயின்’ என்று கேட்டால் பேப்பர் போடுகிறவர்கூட சைக்கிளை நிறுத்தி வீட்டைக் காட்டிவிட்டுப் போவார். எலக்ட்ரீஷியன். எந்த வீட்டுக்குப் போனாலும் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே, “மெயினை எறக்குங்க” என்பார். வீட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டிருந்தாலும் சரி, சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும் சரி, அவருடைய முதல் வாக்கியம் அதுதான்.

ஒருமுறை ஒரு வீட்டில் பல்பு ஹோல்டர் மாற்றக் கூப்பிட்டிருந்தார்கள். மெயின் இறங்கியது. உள்ளறையில் வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் முன்னால் டை கட்டிக்கொண்டு வேலைக்கான நேர்காணலில் உட்கார்ந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் தானில்லை, அவருடைய பதில்கள்தான் என்று மெயின் இன்றுவரை வாதாடுகிறார்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், ஸ்விட்ச்சை அணைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் ஒரு ஹோல்டரைத் திறந்தார். அந்த வீட்டுக்கு ஒயரிங் செய்த புண்ணியவான் ஃபேஸை நேராக விளக்குக்குக் கொண்டுபோய்விட்டு, நியூட்ரலை ஸ்விட்ச் வழியாகத் திருப்பியிருந்தான். அணைத்தால் விளக்கு அணையும், ஆனால் ஹோல்டரில் உயிர் இருக்கும். ஸ்டூலோடு சேர்ந்து எதிர்ச் சுவரில் போய் விழுந்தவர், எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி, “மெயின் எங்க இருக்கு?” அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

மெயினை இறக்கிவிட்டால் வீட்டில் வெளிச்சம் இருக்காது. ஆகவே பகலில்தான் வேலைக்கு ஒத்துக்கொள்வார். ஜன்னலைத் திறந்து, திரையை ஒதுக்கி, வெயில் உள்ளே வந்தால்தான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பார். வேலை முடிந்ததும் மெயினை ஏற்றி, விளக்கைப் போட்டு, “எரியுதா? சரி” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். அந்தப் பகுதியில் பாதி வீடுகளின் விளக்குகள் அவர் மாட்டியவை. அவற்றில் ஒன்றைக்கூட இருட்டில் அவர் பார்த்ததில்லை. இதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை, அவர் உட்பட.

அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த இன்னொரு சொல் ‘ஒண்ணுமில்ல’. அவர் பார்த்துவிட்டு ஒண்ணுமில்ல என்றால் விஷயம் முடிந்தது. வாடகைக்கு விட்டவரும் குடியிருப்பவரும் கோர்ட்டுக்குப் போகிற அளவுக்குச் சண்டையில் இருந்தாலும், மெயின் வந்து லைன் சுத்தம் என்று சொல்லிவிட்டால் இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

மாடிப்படி குறுகலான ஒரு வீட்டில் டிரைவர் இருந்தார். ஆயுசுக்கும் லாரி ஓட்டி ஓய்ந்தவர். மகளும் மருமகனும் கீழே, அவர் மாடியறையில். மகளுக்கு மருந்துக்கடை கவுண்டரில் வேலை, மருமகனுக்குக் கிடங்கில் வேலை. டிரைவருக்குக் கண்ணில் புரை எடுத்த சமயத்தில் வெளிச்சம் கூசியது. மகள் மெயினைக் கூப்பிட்டு, விளக்கைக் கூட்டிக் குறைக்கிற மாதிரி டிம்மர் போடச் சொன்னாள். மெயின் கடையில் பார்த்துப் பொறுக்கி, ஓரத்தில் கடுகளவு சிவப்பு விளக்கு எரிகிற டிம்மராக வாங்கி மாட்டினார். ராத்திரியில் எழுந்தால் சுவரைத் தடவாமல் நேராகக் கை வைக்கலாம். அந்தச் சிவப்பு விளக்கை யாரும் கேட்கவில்லை, அவராக யோசித்துச் செய்தது. அப்போது அறையில் இருந்தது பழைய குண்டு பல்பு.

பிறகு ஒருநாள் மருமகன் தள்ளுபடியில் கிடைத்த எல்இடி பல்புகளை ஒரு பெட்டி வாங்கிவந்து வீடு முழுக்க மாற்றினார். மாடியறையிலும் மாற்றினார். அதற்கப்புறம்தான் கதை ஆரம்பம்.

முதலில், டிம்மரைக் குறைத்தால் விளக்கு நடுங்கியது. மெயினைக் கூப்பிட்டார்கள். வந்தார், மெயினை இறக்கினார், பார்த்தார்.

“பழைய டிம்மரும்மா. குண்டு பல்புக்குச் செஞ்சது. இந்த பல்பு இழுக்கற கரண்ட் அதுக்குக் காணாது. பசியில கை நடுங்கற மாதிரி நடுங்குது. எல்இடிக்குன்னே ஒண்ணு வருது, மாத்திடலாம்.”

மாற்றினார். அதிலும் சிவப்பு விளக்கு உள்ளதாகவே தேடி வாங்கினார். டிம்மரின் பக்கவாட்டில் இருந்த சின்னத் திருகைத் திருப்பி, எவ்வளவு குறைத்தாலும் நடுங்காத இடத்தில் நிறுத்தினார். கட்டிலில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் வாயைத் திறந்தார்.

“தம்பி, எரியறப்ப நடுங்கறது போகட்டும். அணைச்ச பிறகு ஒண்ணு வருது பாரு, அதைக் கேளு.”

“என்ன ஐயா வருது?”

“எதிர்ல வண்டி. லைட்டை டிப் அடிக்கிறான். கொஞ்ச நேரம் சும்மா இருக்கான், மறுபடி அடிக்கிறான். சைடு கேக்கறான்போல. நான் கட்டில்ல செவத்துப் பக்கம் நகர்ந்து சைடுகூடக் குடுத்துப் பாத்துட்டேன், போகமாட்டேங்கறான்.”

மகள் அப்பாவின் தலைக்கு மேலாக மெயினைப் பார்த்தாள். பார்த்தீர்களா என்று கேட்கிற பார்வை.

“அணைச்ச விளக்கு எப்படி ஐயா எரியும்?”

“அதைத்தானே உன்னைக் கேக்கறேன். நான் லாரிக்காரன். லைட்டுக்காரன் நீதான்.”

மெயின் விளக்கை அணைத்தார். அண்ணாந்து பார்த்தார். ஜன்னல் வழியாக வெயில் கட்டில்வரை வந்திருந்தது. பல்பு பல்பாக இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று பல்பைக் கழற்றிவிட்டுத் தன் டெஸ்ட் லாம்ப்பை மாட்டினார். ஒரு ஹோல்டர், இரண்டு ஒயர், ஒரு குண்டு பல்பு, அவ்வளவுதான் அந்தக் கருவி. அவர் இந்த உலகத்தில் மனைவிக்கு அடுத்தபடி நம்புவது அதை. மனைவிக்கு முந்தி என்பது மனைவியின் கட்சி. டெஸ்ட் லாம்ப்பில் துளி வெளிச்சம் இல்லை. மறுபடி மெயினை இறக்கி, ஹோல்டரைத் திறந்தார். ஃபேஸ் ஸ்விட்ச் வழியாகத்தான் வந்தது, நியூட்ரல் இறுக்கமாக இருந்தது, ஜாயின்ட்டில் கருகல் இல்லை.

படியிறங்கும்போது பாதி வழியில் நின்று மகளிடம் சொன்னார்: “ஒண்ணுமில்லம்மா. லைன் சுத்தம்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சேர்த்தார்: “வயசு பாருங்க. ரோட்டுலயே வாழ்ந்தவரு.”

அது அவருடைய தொழிலில் சேராத வாக்கியம்.

மனைவிக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்க மெயின் மருந்துக்கடைக்குப் போனபோது கவுண்டரில் டிரைவரின் மகள்தான் இருந்தாள். அட்டையைக் கத்தரித்துக்கொண்டே சொன்னாள்.

“அண்ணே, உங்களுக்கு நன்றி சொல்லணும்னு இருந்தேன். முடிவு எடுத்தாச்சு. சனிக்கிழமை அண்ணன் கார் எடுத்துட்டு வர்றான். அப்பாவைக் கொண்டுபோய் ஹோம்ல சேக்கறோம்.”

“எந்த ஹோம்?”

“வயசானவங்களுக்குத்தான். டாக்டர், நர்ஸ் எல்லாம் இருக்காங்க. நானும் எவ்வளவு நாள்தான் சமாளிப்பேன்? ராத்திரி கூப்புடறாரு, ஓடறேன். நான் போறப்ப விளக்கைப் போட்டு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு. ‘இப்பதான் அடிச்சான், நீ வந்ததும் போயிட்டான்’ங்கறாரு. போன வாரம் அவரே எறங்கிட்டாரு, படியில வழுக்கி எங்க வீட்டுக்காரர் மேல வந்து விழுந்தாரு. கண் டாக்டர்கிட்ட காட்டினோம், கண்ணு பளிங்கு மாதிரி இருக்குன்னுட்டாரு. லைட்டு சரியில்லையோன்னு ஒரு சந்தேகம் இருந்துச்சு, நீங்க பாத்துட்டு ஒண்ணுமில்லன்னீங்க. கண்ணும் இல்ல, லைட்டும் இல்லன்னா அப்புறம் என்ன, புத்திதானே? அண்ணன்கிட்ட நீங்க சொன்னதை அப்படியே சொன்னேன். ரோட்டுலயே வாழ்ந்தவருன்னு.”

“ஐயா என்ன சொல்றாரு?”

“ஒண்ணும் சொல்லலை. ‘அங்க லைட்டு யாரு போட்டது, நம்ம மெயினா?’ன்னு மட்டும் கேட்டாரு.”

மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தார். மீதிச் சில்லறையை வாங்க மறந்துவிட்டார்.

வீட்டில் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மெயின் விஷயத்தைச் சொன்னார். தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு செய்தியைச் சொல்கிற தொனியில்தான் சொன்னார். மனைவி தலை நிமிரவில்லை.

“நீங்க ஒண்ணுமில்லன்னு எப்பப் பாத்துச் சொன்னீங்க?”

“எப்பன்னா? போனப்பதான்.”

“பகல்லயா?”

“பின்ன?”

“அவரு எப்ப மின்னுதுங்கறாரு?”

“அணைச்ச பிறகு.”

“அணைச்சா இருட்டா இருக்கும்ல? உங்களுக்கு இருட்டா இருந்துச்சா?”

மெயின் டெஸ்ட் லாம்ப்பைப் பற்றி விளக்கமாக ஆரம்பித்தார். மனைவி பாதியில் வெட்டினார்.

“அதைக் கேக்கல. கல்யாணமான நாள்லேர்ந்து பாக்கறேன், விளக்கு மாட்டறதே பொழப்பு. மாட்டின விளக்கை ஒருநாளாவது இருட்டுல போய்ப் பாத்திருக்கீங்களா?”

“எரியறதைப் போய் என்னத்தப் பாக்கறது?”

“நம்ம வீட்டு விளக்கையாவது பாக்கலாம். பின்கட்டு லைட்டு எரியறதே இல்லை. எலக்ட்ரீஷியன் யாராவது கெடச்சாச் சொல்லுங்க.”

மெயின் போய்ப் பின்கட்டில் உட்கார்ந்தார். எரியாத விளக்கின் கீழே உட்கார்ந்து டெஸ்ட் லாம்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதிலிருந்தது குண்டு பல்பு. இழை சிவக்கவே நல்ல கரண்ட் வேண்டும். ஊசிமுனையளவு கரண்ட் போனால் அதற்குத் தெரியவே தெரியாது, யானை மேல் எறும்பு ஊர்கிற மாதிரி. ஆனால் எல்இடி யானை இல்லை. அந்த ஊசிமுனைக் கரண்ட் எங்கிருந்து வரும் என்று யோசித்தார். அதிக நேரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சுவரில் கடுகளவு சிவப்பாக அது ராத்திரி முழுக்க எரிந்துகொண்டிருந்தது. அவரே தேடிப் பிடித்து வாங்கி மாட்டியது.

வெள்ளிக்கிழமை காலையில் கையில் பையும் தோளில் மடித்த கறுப்புத் தார்ப்பாயுமாகப் போய் நின்றார். மருமகன் கதவைத் திறந்தார். மகள் மாடியில் அப்பாவின் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மெயினைப் பார்த்ததும் மருமகன் பழக்கத்தில் மெயின் போர்டை நோக்கிக் கையை நீட்டினார்.

“எறக்கிடட்டுமா?”

“வேணாம். இருக்கட்டும்.”

மருமகனின் கை அந்தரத்தில் நின்றது. “என்னண்ணே, உடம்பு கிடம்பு சரியில்லையா?”

மாடிக்குப் போனார்கள். டிரைவர் கட்டிலில் சட்டைப் பித்தானைப் போட்டபடி உட்கார்ந்திருந்தார். “வாப்பா லைட்டு. நாளைக்கு நான் கெளம்பறேன். வண்டி வேற ஆளு ஓட்டறான்” என்றார்.

மெயின் ஜன்னலில் தார்ப்பாயை ஆணியடித்து மாட்டினார். ஓரங்களில் போர்வையைச் செருகினார். கதவிடுக்கில் துண்டைத் திணித்தார். சிவப்பு விளக்கின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினார்.

மகளுக்குப் பொறுமை போனது. “அண்ணே, என்ன பண்றீங்க? எனக்குக் கடைக்கு நேரமாச்சு. நீங்கதான் அன்னைக்குப் பாத்துட்டீங்களே?”

“அன்னைக்குப் பாக்கலம்மா. பாத்த மாதிரி இருந்துச்சு. உக்காருங்க.”

விளக்கைப் போட்டு, அணைத்தார். அறை கும்மிருட்டானது. யாரோ பெட்டியில் இடித்துக்கொண்டார்கள். மருமகன்.

“ஒண்ணும் இல்லையே” என்றாள் மகள்.

“இரும்மா” என்றது டிரைவரின் குரல். “கண்ணு பழகணும். டீசல் போடற எடத்துல வெளிச்சத்துல நின்னுட்டு ரோட்டுக்கு வந்தா கொஞ்ச நேரம் ஒண்ணுமே தெரியாது. அந்த நேரத்துல அவசரப்பட்டவன் எல்லாம் பள்ளத்துல கெடக்கறான். நீ எப்பவும் நடை லைட்டைப் போட்டுட்டு ஓடி வருவ. அப்புறம் எங்கேர்ந்து தெரியும்?”

உட்கார்ந்திருந்தார்கள். கீழே தெருவில் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகாமல் இருமிக்கொண்டிருந்தது. வாழ்நாளில் மெயின் ஏறியிருக்கும்போது அவர் இவ்வளவு நேரம் ஒரு ஹோல்டருக்குக் கீழே சும்மா நின்றதில்லை. வராவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தார். வராவிட்டால் நாளைக்குக் கார் வரும். அதை அவர் நிறுத்த முடியாது, நிறுத்தக் காரணமும் இருக்காது.

“வருவான்” என்றார் டிரைவர்.

வந்தது. சத்தமில்லாமல், கண் சிமிட்டுகிற நேரம், பால் கலங்கிய மாதிரி ஒரு வெளிச்சம். அலமாரி, திறந்த பெட்டி, அதற்குள் மடித்து வைத்த சட்டைகள், கட்டிலின் ஓரத்தில் கைகளை முழங்காலில் ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அப்பா. எல்லாம் ஒரு கணம் தெரிந்து மறுபடி இருட்டுக்குள் போயின.



“அடிச்சானா?” என்று டிரைவர் கேட்டார்.

“அடிச்சான்ப்பா” என்றாள் மகள்.

“என்னங்க இது, அணைச்சிருக்கு, எரியுது!” மருமகனுக்கு ஆர்வம் தாங்கவில்லை. “இன்னொரு தடவை வரட்டும், நான் பல்பைப் பாக்கலை, மாமாவைப் பாத்துட்டேன்.”

இன்னொரு தடவை வந்தது. அதற்கப்புறமும் வந்தது. மூன்று பேரும் வாணவேடிக்கை பார்க்கிறவர்கள்போல அண்ணாந்து உட்கார்ந்திருந்தார்கள். டிரைவர் மட்டும் பார்க்கவில்லை. அவர் நிறையப் பார்த்துவிட்டவர்.

மெயின் தார்ப்பாயை ஒரு ஓரம் விலக்கிவிட்டு விளக்கம் சொன்னார்.

“இந்தச் செவப்பு விளக்கு எரியணும்னா அதுக்கும் கரண்ட் வேணும். அது பல்பு வழியாத்தான் போகுது. ஸ்விட்ச்சை அணைச்சாலும் ஒரு சொட்டு ஒரு சொட்டா போயிட்டே இருக்கு. குண்டு பல்பு அதைக் கண்டுக்காது. எல்இடி உள்ள சின்ன கண்டென்சர் இருக்கு, அது சொட்டைப் புடிச்சுச் சேத்து வைக்குது. நெறஞ்சதும் ஒருவாட்டி மின்னி காலியாகுது. மறுபடி சேக்குது.”

“டேங்க்குல ஒழுகற மாதிரி” என்றார் டிரைவர்.

“அதேதான். அன்னைக்கு நான் பல்பைக் கழட்டிட்டுக் குண்டு பல்பை மாட்டிப் பாத்தேன். அதுல எப்படித் தெரியும்?”

“நல்ல எலக்ட்ரீஷியன். திருடனை வெளிய அனுப்பிட்டு வீட்டைச் சோதனை போட்டிருக்க.”

மெயின் அதை வாங்கிக்கொண்டார். பிறகு மருமகனைப் பார்த்து, “இப்ப எறக்குங்க” என்றார். மருமகனுக்கு உலகம் பழைய நிலைக்கு வந்த நிம்மதி.

சிவப்பு விளக்கைப் பிடுங்கிவிட்டால் வேலை சுலபம். ஆனால் டிரைவர் ஒத்துக்கொள்ளவில்லை. “அது இருக்கட்டும்ப்பா. ராத்திரி எழுந்தா அதைப் பாத்துத்தான் கை வைக்கிறேன். வண்டிக்குப் பின்னாடி செவப்பு இருக்கணும்.” ஆகவே ஹோல்டருக்குள் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே, பல்புக்கு இணையாக, விளக்குக்கென்றே விற்கிற ஒரு குட்டி கண்டென்சரைச் சேர்த்தார். ஒழுகுகிற சொட்டு இனி அது வழியாகப் போய்விடும். மெயினை ஏற்றி, தார்ப்பாயை மறுபடி மூடி, மறுபடி உட்கார்ந்தார்கள். இந்த முறை எவ்வளவு காத்திருந்தும் எதுவும் வரவில்லை. மருமகன்தான் கொஞ்சம் ஏமாந்துபோனார்.

படியிறங்கும்போது மெயின் அதே பாதிப்படியில் நின்றார்.

“அன்னைக்கு இந்த எடத்துல நின்னு வயசு, ரோடுன்னு ஏதோ சொன்னேன்ல?”

“சொன்னீங்க.”

“அதை அண்ணன்கிட்டச் சொன்னீங்கல்ல, இதையும் சொல்லிடுங்க. நான் தப்பாப் பாத்தேன்னு.”

மகள் கீழே போய்ச் செய்த முதல் வேலை அண்ணனுக்கு ஃபோன். மெயின் பையைக் கட்டிக்கொண்டிருந்ததால் ஒரு பக்கப் பேச்சு காதில் விழுந்தது.

“இல்லண்ணா, நெசமாவே மின்னுது. நானே பாத்தேன்… இல்ல, எனக்கு ஒண்ணும் ஆகலை. உன் மாப்பிள்ளையும் பாத்தாரு… படிக்குக் கைப்பிடி போடச் சொல்லிடறேன்… நாளைக்கா? வா, சாப்ட்டுட்டுப் போ. பெட்டியெல்லாம் பிரிச்சாச்சு.”

பெட்டி அப்போது பிரிக்கப்பட்டிருக்கவில்லை. ஃபோனை வைத்ததும் மேலே ஏறிப் போனாள். கொஞ்ச நேரத்தில் அலமாரிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

மெயின் மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. இன்றும் பகலில்தான் வேலை, இன்றும் முதல் வாக்கியம் அதேதான். பையில் மட்டும் ஒரு கறுப்புத் துணி சேர்ந்திருக்கிறது. வேலை முடிந்ததும் அதை ஜன்னலில் மாட்டிவிட்டு, விளக்கை அணைத்து, வீட்டுக்காரர்களையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இருட்டில் காத்திருக்கிறார். புதிதாகக் கூப்பிடுகிறவர்கள் பயந்துபோகிறார்கள். எதுவும் மின்னாவிட்டால், “மின்னல” என்கிறார். ‘ஒண்ணுமில்ல’ என்று சொல்வது குறைந்துவிட்டது. பின்கட்டு விளக்கு இன்னும் எரியவில்லை.

சில வாரங்கள் கழித்து டிரைவரின் மகள் ஃபோன் செய்தாள்.

“அண்ணே, அப்பா ரூம் ஃபேன். ரெண்டாவது கியருக்கு மேல ஏறமாட்டேங்குதாம். மேட்டுல லோடு இழுக்கற மாதிரி முனகுதாம்.”

மெயின் என்ன கேட்பதென்று யோசிப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

“கதவைச் சாத்திட்டு அவர் பக்கத்துல உக்காந்து கேட்டேன். முனகத்தான் செய்யுது. எப்ப வர்றீங்க?”